சட்டப்படி ஓர் இடம்

ஓடைக்கரைப்பட்டி,
மல்லாங்கிணறு வழி,
விருதுநகர் மாவட்டம்.
28-3-2008

அன்புள்ள மாமாவுக்கு, செல்லக்கனி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் நம் மகள் இசைவாணியும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்களும் நாக்பூரில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் கையைக் காலைச் சுட்டுக்கொள்ளாமல் சுகமாக இருக்கவேண்டும் என்று இருக்கன்குடித் தாயை வேண்டிக்கொள்கிறேன். போன தடவை போனில் பேசும்போது ரொம்ப இருமினீர்கள். முறுக்குப் போடுகிற இடத்தில் புகை வெளியே போக ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டால், "அதெல்லாம் இருக்கு" என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிடுகிறீர்கள். மிளகைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

இசைவாணி பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து ஒரு டிபன் பாக்ஸ் வாங்கி வந்திருக்கிறாள். அப்பா வந்து பார்க்கிறவரை யாரும் அதில் சாப்பிடக்கூடாதாம், பரணில் ஏற்றி வைத்துவிட்டாள். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. மாசியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் மல்லி எல்லாம் கருத்துப்போனது. கண்மாயில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்று இப்போதுதான் வற்றுகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் "சரி சரி, வச்சிரட்டுமா" என்பீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்கத்தான் வேண்டும்.

முந்தாநாள் பஞ்சாயத்து ஆபீஸில் இருந்தேன். கிளார்க் காசிராஜன் அண்ணன் தெருவிளக்குக்கு பல்பு வாங்குகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. நம் பக்கத்து ஜீப் மாதிரி இல்லை. சக்கரம் ஒவ்வொன்றும் இசைவாணி நெஞ்சு உயரம், மண்டையில் வரிசையாக விளக்கு. இறங்கி வந்தவன் யார் என்கிறீர்கள்? உங்கள் பழைய பட்டாசுக் கம்பெனி முதலாளி சீனிவாசகத்தின் மகன் மகேஷ்குமார்.

காசிராஜன் அண்ணன் பதறி எழுந்து தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் எழுந்திருக்கவில்லை. பெண்களுக்கு ஒதுக்கிய வருஷம் எவளும் நிற்க முன்வராமல், கேலிக்கு என் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். நான் வீம்புக்கு நின்று, போட்டியே இல்லாமல் தலைவரானேன். அந்தத் தலைவர் நாற்காலி எதற்கு என்று எனக்கு முந்தாநாள்தான் விளங்கியது.

அவனுக்கு என்னையும் அடையாளம் தெரியவில்லை, இது உங்கள் ஊர் என்பதும் தெரியவில்லை மாமா. உங்களைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்திருந்த அன்று, இசைவாணியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டு கேட் முன்னால் வெயிலில் நின்றேனே, அன்று மாடியிலிருந்து இறங்கி வந்தான். "யாரு இது" என்று வாட்ச்மேனிடம் கேட்டான். பதில் வருவதற்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அந்தப் பயல் இப்போது என் முன்னால் உட்கார்ந்து "மேடம்" என்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பல்லை நறநறவென்று கடிக்கவும் தோன்றியது.

விஷயம் இதுதான். அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறானாம். பங்குனிப் பொங்கலுக்கு லீவில் வந்திருக்கிறான். கூட்டாளிகளும் ஜீப்போடு வருகிறார்களாம். ரோடு இல்லாத இடமாகப் பார்த்து, மேடு பள்ளம், சேறு சகதியில் வண்டியை விட்டு ஏற்றி இறக்குவதுதான் அவர்களுக்கு விளையாட்டு. நாம் அந்த மாதிரிப் பாதையில் தலைச்சுமையோடு நடந்து காலம் கழித்தோம். அதற்குக் காசைக் கொட்டி வண்டி வாங்குகிற ஆள்களும் இருக்கிறார்கள்.

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஓட்டி, காட்டிலாகாக்காரர்கள் வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டார்களாம். முதலாளிக்குத் தலைகுனிவு. "இந்த வருசம் எங்க ஓட்டினாலும் சட்டப்படி கையில பேப்பர் இருக்கணும், இல்லைன்னா ஜீப்பை வித்துருவேன்" என்று சொல்லிவிட்டாராம். அதனால் பயல் இடம் தேடி அலைகிறான். வைப்பாற்று மணலில் கேட்டால் அதிகாரிகள் கூடாது என்றார்களாம். இருக்கன்குடிப் பக்கம் ஆற்றில் போனால் பக்தர்கள் கூட்டம். சொந்தக் கம்பெனியைச் சுற்றிக் காடாகக் கிடக்கிறதே, அங்கே ஓட்டலாம் என்றால், மருந்து இருக்கிற இடத்தில் ஒரு பொறி பறந்தால் போதும் என்று அப்பாவே கும்பிடு போட்டுவிட்டார். கடைசியில் யாரோ நம்மூர்க் கண்மாயைச் சொல்லியிருக்கிறார்கள். "லீகலா ஒரு இடம் வேணும் மேடம், நீங்க கையெழுத்துப் போட்டாப் போதுமாமே" என்றான்.

சட்டப்படியாம்! நீங்கள் மறக்கச் சொல்கிறீர்கள். என்னிடம் மட்டும் நீங்கள் சொன்னதை நான் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், படியுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் தீபாவளி முடிந்து கம்பெனி லீவில் இருந்தது. புது ஜீப்பை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று இவன் துள்ளினான். லைசென்ஸ்கூட இல்லை. "ஊர்க்காவலா, தம்பிகூடப் போயிட்டு வா" என்று முதலாளி கம்பெனி டிரைவரான உங்களைத் துணைக்கு அனுப்பினார். ரோடு அவனுக்குப் பிடிக்கவில்லை. வண்டிப்பாதையில் இறக்கி, காட்டுக்குள் விட்டான். ஆள் நடமாடுகிற இடம் என்று நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. விறகு பொறுக்கிவிட்டு வந்த நம் பொன்னுத்தங்கம் மதினி மேல் ஏற்றினான். மதினிக்கு வெளிச்சமும் புழுதியும்தான் ஞாபகம். கண் திறந்தபோது தலை உங்கள் மடியில் இருந்தது. "அண்ணே, நீயா?" என்று கேட்டதாம். அந்தக் கேள்விக்கு நீங்கள் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

முதலாளி வந்தார். "தம்பி வாழ்க்கை போயிரும்ப்பா. நீ ஒத்துக்கோ. லைசென்ஸ் உள்ள ஆளுக்குச் சின்ன கேசு. உன்னைக் கைவிடமாட்டேன்" என்றார். அவர் உப்பைத் தின்றோம் என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். லைசென்ஸைப் பிடுங்கினார்கள். கம்பெனிக்குக் கெட்ட பேர் என்று அவரே உங்களை வேலையைவிட்டும் நிறுத்தினார். நல்ல கை அது, கைவிடாத கை! வேறு எந்தக் கம்பெனியும் உங்களைச் சேர்க்கவில்லை. மதினியின் வீட்டுக்காரர் கண்ணுச்சாமி அண்ணன் நம் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார். என் புருஷன் ஓட்டவில்லை என்று நான் ஊரெல்லாம் கத்தினேன். மதினியிடமே போய்ச் சொன்னேன். "அவரே ஒத்துக்கிட்டாரு. புருசனைக் காப்பாத்த அடுத்தவன் தலையில பழி போடுதியாட்டி?" என்று கதவைச் சாத்திவிட்டது. இன்றும் குழாயடியில் என்னைக் கண்டால், நொண்டிக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நீங்களும் அந்த முகத்தைப் பார்க்கமாட்டாமல் வடக்கே போனீர்கள். அதற்குப் பிறகு ஒரு தீபாவளிக்கும் வரவில்லை.

இதையெல்லாம் செய்தவன் சட்டம் கேட்டு என்னிடம் வந்திருக்கிறான். நான் பூப்போலச் சிரித்து, "பாத்துச் சொல்லுதேன் தம்பி" என்று அனுப்பினேன்.

நம் கண்மாய் உங்களுக்குத் தெரியாததா? மேற்கே செம்மண் தரை, லாரியே போகும். கிழக்கே மடைப் பக்கம் உளை. மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடக்கும், கால் வைத்தால் இடுப்புவரை இழுக்கும். நமக்குக் கல்யாணமான வருஷம் செவலைக் காளை மாட்டி, நீங்கள் பலகை போட்டு, டிராக்டர் கட்டி, மணிக்கணக்கில் மன்றாடி வெளியே எடுத்தீர்களே, அதே இடம்.

அவனுக்குச் சட்டப்படி இடம் கொடுக்கப்போகிறேன். மேற்குத் தரையைத்தான் கொடுப்பேன். நடுவில் ஒரு கோடு போடுவேன். அதற்கு அந்தப் பக்கம் போகாதே என்று ஊர் கேட்கச் சொல்லுவேன். அதற்குமேல் அவன் பாடு.

உங்கள் உத்தரவு கேட்டு இதை எழுதவில்லை. தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
செல்லக்கனி


ஓடைக்கரைப்பட்டி,
14-4-2008

அன்புள்ள மாமாவுக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. இந்த வருஷமாவது உங்களுக்கு நல்ல வருஷமாக இருக்கவேண்டும். இசைவாணி உங்களுக்காக ஒரு முத்தம் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "பெரிய இடத்துப் பகை நமக்கு வேண்டாம், விட்டுரு கனி, நான் இங்க நிம்மதியா இருக்கேன்" என்று எழுதியிருந்தீர்கள். நிம்மதியாக இருக்கிறவன் கையெழுத்து அப்படிக் கோணிக்கொண்டு போகாது. அது ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் கடிதம் வந்து சேருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. திட்டுவதானால் தபால்காரரைத் திட்டுங்கள்.

எல்லாம் முறைப்படிதான் செய்தேன். ஒன்றிய ஆபீஸுக்குப் போய் விசாரித்தேன். கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினோம். கண்மாயின் மேற்குத் தரையில் ஒருநாள் வண்டி ஓட்டிக்கொள்ளலாம், வெள்ளைக் கோட்டைத் தாண்டக்கூடாது, தாண்டினால் பஞ்சாயத்து பொறுப்பல்ல. இதைக் காசிராஜன் அண்ணன் முத்து முத்தாக எழுதினார். அவருக்குப் பெரிய இடத்துக்கு உபகாரம் செய்கிறோம் என்ற பூரிப்பு.

கோட்டை நானே போட்டேன். பொங்கலுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பைச் சட்டியில் கரைத்து எடுத்துப்போய், வடகரையிலிருந்து தென்கரைவரை குனிந்து குனிந்து ஊற்றினேன். இடுப்பு ஒடிந்தது. ஆனால் கல்யாண வீட்டில் கோலம் போடுகிறவள் மாதிரி ஆசை ஆசையாகத்தான் போட்டேன், பொய் சொல்லமாட்டேன்.

அன்று ஊரே கரையில் கூடிவிட்டது. கம்பெனிக்கு லீவு, பார்க்க வேறு வேடிக்கையும் இல்லை. பொன்னுத்தங்கம் மதினியும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து கருவேலமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று ஜீப் வந்தது. பாட்டு, கூச்சல், கறுப்புக் கண்ணாடி. நான் பேப்பரைக் கொடுத்து, எல்லாரும் கேட்க உரக்கச் சொன்னேன். "தம்பி, கோட்டுக்கு அந்தப் பக்கம் உளை. மேல காஞ்சது மாதிரி இருக்கும், நம்பாதீக. மாடே மாட்டிருக்கு" என்றேன். அவன் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போனைப் பார்த்தபடியே "ஓகே மேடம், ஓகே" என்றான்.

கொஞ்ச நேரம் மேற்கேயே சுற்றினார்கள். மேட்டில் ஏறுவதும் குதிப்பதும் புழுதியைக் கிளப்புவதும்தான் வேலை. ஒழுங்காகவே ஓட்டிவிட்டுப் போய்விடுவானோ என்று எனக்குப் பயம். அப்படிப் போயிருந்தால் நான் என்ன செய்வேன்? ஒன்றும் செய்திருக்க முடியாது. அவனுக்குக் கொடுத்த இடம் நல்ல இடம்.

கூட்டாளி ஒருத்தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிழக்கே கையைக் காட்டினான். அங்கே ஒரு செடி கொடி இல்லாமல், தட்டுப்போல வெட்டவெளி. மகேஷ்குமார் வண்டியைத் திருப்பினான். கோட்டுக்கு முன்னால் வந்து நிறுத்தினான் மாமா. கோட்டைப் பார்த்தான். அவன் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த இடத்தில் நின்றிருந்தானானால், இவனும் மனுஷன்தான் என்று நானே என் கோபத்தைத் தலைமுழுகியிருப்பேனோ என்னவோ. அவன் கூட்டாளிகளைப் பார்த்துச் சிரித்தான், ஒரு மிதி மிதித்தான், சுண்ணாம்பை அழித்துக்கொண்டு போனான்.

கத்தித் தடுத்திருக்கலாம். நான் வாயே திறக்கவில்லை.

கொஞ்ச தூரம் ஓடியது. அப்புறம் முன்சக்கரம் பொதுக்கென்று உள்ளே போனது. ஆழம் தெரியாமல் காலை விட்டவன் சும்மா இருந்தாலாவது பரவாயில்லை. இவன் ஆத்திரத்தில் மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவில் பாதிவரை இறங்கிவிட்டது. கறுப்புச் சேறு வாரியடித்து வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி எல்லாம் ஒரே நிறம். ஜன்னல் வழியாக ஏறி மேலே உட்கார்ந்துகொண்டு "ஹெல்ப், ஹெல்ப்" என்று கத்தினான். எனக்கு உச்சி குளிர்ந்தது மாமா. இருக்கன்குடிக்கு நடந்தே போய்த் தாய்க்குக் கண்மலர் வாங்கிக் காணிக்கை போடலாம்போல இருந்தது. நல்லா வேணும், நல்லா வேணும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

நான் எண்ணியது அவ்வளவுதான். அந்த ஜீப் சேற்றில் மாட்டவேண்டும், அவன் ஊர் முன்னால் அசிங்கப்படவேண்டும், அதை நான் கண்குளிரப் பார்க்கவேண்டும். அதற்குமேல் நடந்தது எதையும் நான் திட்டம்போடவில்லை, என் மகள்மேல் சத்தியம்.

ஊரில் டிராக்டர் இருப்பது கண்ணுச்சாமி அண்ணனிடம்தான். கூட்டாளிகள் ஓடிப்போய்க் கூப்பிட்டார்கள். அண்ணனும் வந்தார். அவருக்குத் தெரிந்தது, முதலாளி வீட்டுப் பையன் மாட்டிக்கொண்டான், இழுத்துவிடவேண்டும், அவ்வளவுதான். இரும்புச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, உளையில் கால் புதையாத பக்கமாகப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து அவனை நோக்கிப் போனார்.

அப்போது நம் காசிராஜன் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து, கரையிலிருந்து கையைக் குவித்துக்கொண்டு சத்தம் போட்டார். "தம்பி, பயப்படாதீக! இவருதான் கண்ணுச்சாமி. உங்க கம்பெனி ஜீப்புல அடிபட்டுச்சே, அந்தப் பொன்னுத்தங்கத்தோட வீட்டுக்காரரு. பகையை மனசுல வைக்காம வந்திருக்காரு!" என்றார்.

பயல் முகத்தைப் பார்க்கவேண்டுமே. சங்கிலியோடு வருகிற ஆளைப் பார்த்தான், கரையில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான். எல்லாரும் சேர்ந்து தன்னைக் கொண்டுவந்து உளையில் இறக்கிவிட்டதாக நினைத்துவிட்டான். கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, நான் வேணும்னு ஏத்தலண்ணே! அவங்க திடீர்னு குறுக்க வந்துட்டாங்க. பிரேக் போட்டேன், மண்ணுல வழுக்கிருச்சு. என்னை ஒண்ணும் பண்ணிராதீங்கண்ணே!" என்று அழுதான்.

கண்ணுச்சாமி அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அவருக்கு முதலில் புரியவே இல்லை. "என்ன சொல்லுதீக? வண்டிய ஓட்டினது ஊர்க்காவலன்லா?" என்று கேட்டார். அதற்கு அந்தப் பயல் சொன்ன பதிலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "டிரைவர் உங்ககிட்டச் சொல்லலையா? ஊருக்கெல்லாம் தெரியும்னுல்ல நினைச்சேன்" என்றான்.

பாருங்கள் மாமா. இத்தனை காலமும் நீங்கள் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஸ்டேஷனில் ஒன்று சொன்னாலும், ஊருக்குள்ளே, சொந்தக்காரர்களிடம் சொல்லியிருப்பீர்கள் என்று நம்பியிருக்கிறான். உங்கள் இடத்தில் வேறு யார் இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நீங்கள்தான் கொடுத்த வாக்கு என்று நெஞ்சுக்குள் பூட்டி நாக்பூர்வரை தூக்கிக்கொண்டு போனீர்கள்.

பொன்னுத்தங்கம் மதினி எழுந்தது. கம்பை ஊன்றி ஊன்றி, நான் போட்ட சுண்ணாம்புக் கோடுவரை வந்து நின்றது. "தம்பி, நீயா ஓட்டின?" என்று கேட்டது. அன்று உங்களிடம் கேட்ட அதே கேள்வி. அவன் தலையை ஆட்டினான். "அப்ப நீ அங்கனயே இரு" என்றது. கண்ணுச்சாமி அண்ணனைப் பார்த்து, "சங்கிலியச் சுருட்டிக்கிட்டு வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றது. அண்ணன் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் கூட்டாளிகள் கயிறு வீசி, அவன் உளைமேல் வயிற்றால் ஊர்ந்து வெளியே வந்தான். பூட்ஸ் இரண்டும் உள்ளேயே போய்விட்டது. வெறுங்காலோடு, தலைமுதல் கால்வரை சேற்றோடு நம் தெரு வழியாகத்தான் நடந்து போனான். இசைவாணி "அம்மா, இவங்களா அப்பாவை ஊரைவிட்டு அனுப்புனது?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவன் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

மறுநாள் முதலாளியே கார் போட்டு வந்தார். என் வீட்டுக்கு வரவில்லை, ஆபீஸுக்கு வந்தார், ஏனென்றால் அவருக்கும் சட்டப்படி ஓர் இடம் தேவைப்பட்டது. ஜீப்பைத் தூக்கக் கண்மாய்க்குள் கிரேனை இறக்கப் பேப்பர் வேண்டுமாம். நான் அவரை நிற்கவைக்கவில்லை, உட்காரச் சொல்லி மோரும் கொடுத்தேன். "எழுதிக் குடுங்க ஐயா, அடுத்த கூட்டத்துல வைக்கேன்" என்றேன். கூட்டம் எப்போது என்றார். தலைவர் கூட்டும்போது என்றேன். அவர், "ஊர்க்காவலனை வரச் சொல்லும்மா, பழைய வேலையைப் போட்டுத் தாரேன்" என்றார். மாமா, எனக்கு அந்த மோர்ச் செம்பை வாங்கித் தரையில் அடிக்கலாம்போல வந்தது. "அவுக உங்க வேலைக்கு வரமாட்டாக. வந்தா நடந்ததைச் சொல்லத்தான் வருவாக" என்றேன். அதற்குமேல் அவர் உட்காரவில்லை.

ஆனால் இதையும் எழுதியாகவேண்டும். மதினி நம் வீட்டுக்கு வந்தது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நம் வாசல்படி ஏறியது. "நீ அன்னைக்கே சொன்ன, நான் நம்பலட்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அதற்குக் கோபம் வந்தது. அந்தப் பயல்மேல் இல்லை, உங்கள்மேல். "அவன் யாரோ, எவனோ. ஊர்க்காவலன் அண்ணன் என் தலையை மடியில வச்சிருந்தவரு. என்கிட்ட மறைக்கலாமா? முதலாளி பெருசாப் போயிட்டாரு, நான் யாரு?" என்று கேட்டது. அதற்குப் பதில் நீங்கள்தான் வைத்திருக்கிறீர்கள்.

கேஸை மறுபடி எடுக்க முடியுமா என்று கண்ணுச்சாமி அண்ணன் விருதுநகரில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். ஓட்டினது யார் என்று நீங்கள் வந்து சொல்லவேண்டுமாம். பொய் சொன்னதற்கு உங்களையும் கேட்பார்களாம். கேட்கட்டும் மாமா. உங்கள் பக்கத்தில் நான் நிற்பேன். எவன் என்ன கேட்டாலும் நானும் சேர்ந்து பதில் சொல்லுவேன்.

ஜீப் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. மண்டை விளக்கின்மேல் கொக்கு உட்காருகிறது. அதைக் கண்மாயிலிருந்து எடுக்க வழி உண்டா என்று முதலாளி ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். கூலி எவ்வளவு கேட்டாலும் தருவாராம். நம்மூரில் எவனும் அசையவில்லை. மதினி ஒரே பேச்சில் சொல்லிவிட்டது. "அந்த உளையிலருந்து வண்டி எடுக்கத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தர்தான். அவரு வந்துதான் எடுக்கணும். அந்த முதலாளியும் மகனும் கரையில நின்னு பாக்கணும். அதுவரைக்கும் ஒரு பய கை வைக்கக்கூடாது" என்றது. டிரைவர் என்று சொன்னது மாமா. மூன்று வருஷமாக இந்த ஊரில் உங்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அதனால் முறுக்குக் கம்பெனியில் லீவு கேட்டு, கோடை மழை விழுவதற்கு முன்னால் வந்து சேருங்கள். மழை விழுந்தால் ஜீப் முழுகிவிடும். முழுகினால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் அவர்கள் கரையில் நின்று பார்க்கிறது நடக்காமல் போய்விடும். லைசென்ஸ் இல்லையே என்று மட்டும் எழுதாதீர்கள். காசிராஜன் அண்ணனைவிட்டு விசாரித்துவிட்டேன். லைசென்ஸ் ரோட்டுக்குத்தானாம், கண்மாய்க்குள் கேட்கமாட்டார்களாம். அந்தப் பயல் சட்டப்படி ஓர் இடம் தேடி ஊர் ஊராக அலைந்தான். உங்களுக்கு நான் நம்மூரிலேயே பார்த்து வைத்திருக்கிறேன்.

மதினி கேட்கிற கேள்விக்கு வழியிலேயே பதில் யோசித்துக்கொண்டு வாருங்கள். ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தலையில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள், இருமல் கூடிவிடும். வந்ததும் பெட்டியைக் குடைந்து காக்கிச் சட்டையைத் தேடவேண்டாம். துவைத்துத் தேய்த்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

உங்கள் வருகைக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
செல்லக்கனி